பூட்டுகளுக்கு நடுவில் ஒரு போசி

அமராவதியில் தண்ணீர் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு வருஷத்தில், தாராபுரம் கடைவீதியில் தேவராஜ் முதலாளி ஒரு கடை திறந்தார். அதுவரைக்கும் எங்கள் ஊரில் கடை என்றால் முன்னால் ஒரு மேஜை இருக்கும், மேஜைக்கு இந்தப் பக்கம் நாம் நிற்போம், அந்தப் பக்கம் கடைக்காரர் நிற்பார், நாம் கேட்பதை அவர் எடுத்துத் தருவார். முதலாளி கோயமுத்தூரில் எங்கோ பார்த்துவிட்டு வந்து அந்த மேஜையை எடுத்துவிட்டார். அகிலாண்டம் ஸ்டோர்ஸ் என்று தன் தாயார் பெயரை வைத்து, உள்ளே பதினாறு வரிசை இரும்பு அடுக்குகளை நிறுத்தி, அவரவர் நடந்துபோய் அவரவர் கையாலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றார். சனங்களுக்கு அது பிடிபடவில்லை. அடுத்தவன் பொருளைக் கேட்காமல் தொடுவதா என்று செருப்பை வாசலில் கழற்றிவிட்டு அங்கேயே நின்று, "அரைக்கிலோ கடலைப்பருப்பு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்கள். துணிந்து உள்ளே வந்தவர்களும் ஒரு சோப்பை எடுப்பதற்கு முன்னால் என்னைத் தேடி வந்து, "எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்கள்.

அந்தப் பதினாறு வரிசைகளையும் அடுக்குவது என் வேலை. தாய் தகப்பன் முகம் எனக்குத் தெரியாது. சந்தைப்பேட்டையில் மூட்டை தூக்கி வளர்ந்தவன். எழுத்துக் கற்றதும் மூட்டைகளின் மேலிருந்துதான். சீனி மூட்டையில் 'சீ' கற்றேன், உப்பு மூட்டையில் 'உ' கற்றேன், முழு வாக்கியம் படிக்கக் கற்றது ஒரு தலைவலித் தைல டப்பாவில். ஆனால் எந்தப் பொருள் எந்த வரிசையில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது அந்த ஒரு கர்வம்தான்.

எட்டாவது வரிசையில், பருப்பையும் பயறையும் நிறுத்துப் பொட்டலம் கட்டுகிற இடத்தில், மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். பஞ்சு மண்டியில் எடை போடும் வெள்ளியங்கிரியின் ஒரே மகள். அதிகம் பேசமாட்டாள். ஒரு பொட்டலத்தை மடித்து, நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிட்டு ஒரு சொடக்குச் சொடக்கி அறுப்பாள், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் பன்னிரண்டாவது வரிசையில் அடுக்கிய டப்பாவையே மறுபடி கலைத்து அடுக்குவேன். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. சொல்லத் தைரியமில்லை. அது அப்படியே இருந்திருக்கும், பொருள்கள் நடக்க ஆரம்பிக்காமல் இருந்திருந்தால்.

முதலில் நடந்தது ஒரு சீப்பு. ஐந்தாவது வரிசையில், புளிப் பொட்டலங்களுக்கு நடுவில், குப்புறக் கிடந்தது. நான் எடுத்துக்கொண்டுபோய்ச் சீப்புகளோடு வைத்தேன். மறுநாள் காலையில் கடை திறந்தபோது மறுபடியும் புளிக்குள் கிடந்தது. அன்று புளி வாங்க வந்தவர் தமிழ் வாத்தியார். தலையில் மருந்துக்கும் முடி கிடையாது. புளியோடு சீப்பும் கைக்கு வந்ததும் அவருக்கு வந்த கோபத்தில், யாப்பிலக்கணம் தவறாமல் என்னைத் திட்டினார். மறுநாளும் வந்தார், மறுநாளும் கிடந்தது. நான்காம் நாள் ஒன்றும் பேசாமல் அதை வாங்கிக்கொண்டு போனார். அந்த வாரமே, ஒரிசாப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய மகள் சொல்லாமல் கொள்ளாமல் குழந்தையோடு வந்து இறங்கினாள். அதற்கப்புறம் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, வாத்தியார் வாசற்படியில் உட்கார்ந்து பேத்திக்குத் தலைவாரிப் பின்னி விடுவதை அந்தத் தெருவே பார்த்தது. மகள் சிறுமியாக இருந்தபோதும் அவர்தான் வாரிவிடுவாராம். அது யாருக்கும் தெரியாது.

அப்புறம் போலீஸ் ஏட்டையா. சவரப் பிளேடு வாங்க வந்தவருக்குப் பிளேடுகளுக்கு அடியில் இரண்டு பின்னல் ஊசியும் ஒரு நூல்கண்டும் கிடைத்தன. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பில் போட வந்தார். ஒரு மாசத்தில் மறைப்பதை விட்டுவிட்டார். ஸ்டேஷன் மர பெஞ்சில் உட்கார்ந்து அவர் ஸ்வெட்டர் பின்ன, கஞ்சா வழக்கில் பிடிபட்டவன் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டிருப்பான். தாராபுரத்து வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள ஆள் கிடைக்காமல், கடைசியில் ஸ்டேஷன் நாய்க்கு ஒன்று போட்டுவிட்டார். நாயும் மறுக்கவில்லை.

இப்படியே, வந்தவர்கள் வாங்க வந்த பொருளுக்குப் பக்கத்தில், அவர்கள் உள்ளுக்குள் எதைத் தேடிக்கொண்டிருந்தார்களோ அது குப்புறக் கிடந்தது. உளுந்துக்குள் சலங்கை கிடந்தது, ஊறுகாய்ப் பாட்டில்களுக்குள் பம்பரம் கிடந்தது, விளக்குத் திரிகளுக்குள் மூக்குக்கண்ணாடிக் கூடு கிடந்தது. உணவுப் பொருளுக்குப் பக்கத்தில் பினாயில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு எழுதிக்கொண்டுபோக வந்த சுகாதார அதிகாரிக்கு, பினாயில் வரிசையிலேயே ஒரு பொட்டலம் சீரக மிட்டாய் கிடைத்தது. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, இரண்டை மகனுக்கு என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எழுதாமல் போனார்.

எப்படி நடக்கிறது என்று கொஞ்ச நாள் கேட்டார்கள். பூசாரி அகிலாண்டம்மாளின் ஆவி என்றார், முதலாளி தன் அம்மா உயிரோடு மேல்மாடியில் இருக்கிறாள் என்றார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மழை ஏன் பெய்கிறது என்று யாரும் கேட்பதில்லை, பெய்தால் வடாம் எடுக்க ஓடுகிறோம், அப்படி ஊர் பழகிக்கொண்டது. சனங்கள் சாமான் சீட்டு எழுதும்போது, மஞ்சளில் ஆரம்பித்து எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரியை எழுதாமல் விட்டார்கள். தண்ணிக் குழாயில் சந்தித்துக்கொண்ட பெண்கள் சோறாக்கியாச்சா என்று கேட்பதை விட்டு, "உங்களுக்கு எதுல எது கெடந்துச்சு?" என்று கேட்டார்கள். சம்பந்தம் பேசுவதற்கு முன் பையனையும் பெண்ணையும் தனித்தனியாகக் கடைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தனக்கு என்ன கிடக்குமோ என்று பயந்தவர்கள் ஆள் விட்டு வாங்கினார்கள். வட்டிக்கடைக்காரர் ஒருவர் ஆறு மாசம் கடைப்பக்கமே வராமல், தெருவைச் சுற்றிக்கொண்டு போனார். முதலாளி முதலில் என்னைச் சந்தேகப்பட்டார், பிறகு கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு பலகை எழுதி மாட்டினார்: 'தேடாதது கிடைத்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.'

எனக்கு மட்டும் எதுவும் கிடக்கவில்லை. தினமும் காலையில் பதினாறு வரிசையிலும் இடம் மாறிக் கிடந்தவற்றைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு எட்டாவது வரிசைக்கு வருவேன். இது யாருக்காக இருக்கும், அது யாருக்காக இருக்கும் என்று மயிலாத்தாளும் நானும் பேசிக்கொள்வோம். அவள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். அப்புறம் நான் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் கொண்டுபோய் வைப்பேன். வேண்டியவர் வரும்வரைக்கும் அவை மறுபடி மறுபடி போகும் என்று தெரிந்தாலும், வைப்பேன். அது என் வேலை.

தை மாசத்தில் ஒருநாள், நான் தினமும் எடுக்கிற துடைக்கும் துணிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கிழங்கும் ஒரு நூல்கண்டும் இருந்தன. எடுத்துக்கொண்டுபோய் இடத்தில் வைத்தேன். மறுநாளும் இருந்தன. வைத்தேன். மூன்றாம் நாள் கூடையில் போடக் கை நீட்டும்போது, பின்னாலிருந்து மயிலாத்தாள் பேசினாள்.

"எத்தன நாளைக்குத்தானுங்க எடுத்து எடுத்து வெப்பீங்க?"

"இடம் மாறி வந்துருச்சுங்களே."

"தானா வந்ததெல்லாம் குப்புறத்தானுங்க கெடக்கும். இது நிமுந்து நிக்குது. பாக்கறதில்லீங்களா?"

அப்போதுதான் பார்த்தேன். மஞ்சள் கிழங்கு நூல்கண்டின் மேல் சாய்ந்து நட்டமாக நின்றது. நூல், பொட்டலம் கட்டும் நூல். அதன் நுனி கிழங்கை மூன்று சுற்று சுற்றி ஒரு சொடக்குச் சொடக்கியிருந்தது.

முதலாளிதான் எனக்காகப் பெண் கேட்டுப் போனார். வெள்ளியங்கிரி அவரைக் கட்டிலில் உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டுச் சொன்னதை, வந்து என்னிடம் அப்படியே சொன்னார்: "ஒரு கரண்டிய இருந்த எடத்துல இருக்கவெக்க முடியாதவன், என்ற பொண்ண எங்கீங்க வெப்பான்?" அதோடு, பெண்ணுக்கு அத்தை மகன் காளியண்ணன் இருக்கிறான், முறைமாப்பிள்ளை, அவன் வேண்டாம் என்று சொல்லாமல் வெளியே கொடுக்க முடியாது என்றும் சொன்னாராம். ஆனாலும் எங்கள் பக்கத்து வழக்கப்படி, ஒரு சம்பந்தம் வந்தால் பார்க்காமல் தள்ளக் கூடாது. பையன் வேலை செய்கிற இடத்துக்குப் பெண் வீட்டார் யாரோ எவரோ போலப் போய், எதையாவது வாங்குகிற மாதிரி நின்று, பையனின் நடையையும் பேச்சையும் பார்த்துவிட்டு வருவார்கள். வந்தது இன்னார் என்று பையனுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அப்படி இரண்டு பேர் வருவார்கள், முதலில் காளியண்ணன், அப்புறம் அவரே என்று வெள்ளியங்கிரி சொல்லியனுப்பினார்.

அந்த ஒரு வாரம் நான் சாப்பிட்டது நினைவில்லை. எதுவும் நகரக் கூடாது என்று அடுக்குகளின் குறுக்கே சணல் கட்டினேன், ஒவ்வொரு டப்பாவைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போட்டேன், பதினாறு வரிசைகளையும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். காலையில் வந்து பார்த்தால் சணல் கட்டினபடி இருக்கும், கோடு போட்டபடி இருக்கும், கோட்டுக்குள் வேறு பொருள் இருக்கும்.

காளியண்ணன் வந்தான். என்னைவிட நாலு வயசு மூத்தவன், மில்லில் வேலை, மீசையை முறுக்கிவிட்டிருந்தான். என்னில் குற்றம் கண்டுபிடித்து ஊரெல்லாம் சொல்வதற்கென்றே வந்தவன், மூன்றாவது வரிசையில் தேங்காயெண்ணெய் கேட்டான். எண்ணெய்த் தகரங்களை நகர்த்தினால் பின்னால் ஒரு ரெக்ஸின் பை குப்புறக் கிடந்தது. தோளில் மாட்டுகிற பிரயாணப் பை, பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு உறை. நான் கண்ணை மூடிக்கொண்டேன், கல்யாணம் போச்சு என்று. திறந்து பார்த்தால், அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணாடி விற்கிற வரிசைக்குப் போய், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பம்பாய்க்கு ரெயில் எங்கிருந்துடா போகுது?" என்று கேட்டான். ஈரோட்டிலிருந்து போகலாம் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு அவளக் கட்டோணும்னு ஒண்ணுமில்லடா. மொறைன்னு சொல்லிச் சொல்லி என்னைய இங்கியே முளைக்குச்சியடிச்சுக் கட்டிப்போட்டாங்க. நீ கட்டிக்க. நீ அவளக் கட்டுனா எனக்குப் பங்காளி ஆயிருவ. பங்காளிக்கு நான் விட்டுக் குடுத்துட்டேன்னு மாமங்கிட்டச் சொல்லிக்கறேன்" என்றான். எண்ணெய் வாங்க மறந்துவிட்டுப் போனான்.

மறுநாள் வெள்ளியங்கிரி வந்தார். தன்னை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று, தலையில் பெரிய உருமால் கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, எங்கோ இரவல் வாங்கிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவருடைய சொந்த மகள் எட்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை அவரும் மறக்கவில்லை, கடையில் யாரும் மறக்கவில்லை. ஆனால் வழக்கம் வழக்கம்தான். மயிலாத்தாள் எழுந்து நின்று, "என்ன வேணுங்க பெரியவரே?" என்று கேட்டாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தனக்கு வெளியூர் என்றும், ஒரு பூட்டு வேண்டும் என்றும் சொன்னார். எந்த ஊருங்க என்று முதலாளி சிரிக்காமல் கேட்டார். அவசரத்தில் அவருக்கு ஊர்ப் பெயர் ஒன்றும் வராமல், "தூரமுங்க" என்றார்.

பூட்டு பதினொன்றாவது வரிசையில். நான் முன்னால் நடந்தேன், அவர் ஒவ்வொரு அடுக்கையும் உற்றுப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார். வழியில் மிளகுத்தூளுக்குள் ஒரு மவுத்தார்கன் இருந்ததைப் பார்த்து, "ம்" என்றார். குடைகளுக்குள் ஒரு சல்லடை இருந்ததைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பலமாக "ம்" என்றார். மளிகைச் சாமான் வாங்க வந்த நாலைந்து பேர் வாங்குவதை விட்டுவிட்டு எங்கள் பின்னால் வந்தார்கள். ஸ்வெட்டர் போட்ட நாயும் வந்தது.

பூட்டுகளை அளவுவாரியாக, சிறிதிலிருந்து பெரிதாக, நான்தான் அடுக்கியிருந்தேன். பெரிய பூட்டுக்கு அவர் கை நீட்டினார். அதன் பின்னால் ஒரு போசி குப்புறக் கிடந்தது. சோறாக்குகிற அலுமினியப் பாத்திரம். கடையிலேயே சின்னது, ஆழாக்கு அரிசிக்கு மேல் கொள்ளாது. ஒரு ஆள் போசி என்று அதைச் சொல்வோம், மில்லில் தனியாகத் தங்கிச் சமைத்துக்கொள்கிறவர்கள் வாங்குவார்கள்.

அவர் அதை எடுத்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. போசியை நிமிர்த்தி, உள்ளே பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே பார்த்தார். மயிலாத்தாளுக்கு ஒன்பது வயசாக இருக்கும்போது அவருடைய மனைவி இறந்துபோனாள் என்று ஊருக்கே தெரியும். அதற்கப்புறம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது மகள் கையால். அவள் போய்விட்டால் கதவுக்கு ஒரு பெரிய பூட்டும், அடுப்புக்கு ஒரு சின்னப் போசியும்தான் அவருக்கு மிச்சம். பூட்டை அவராகக் கேட்டு வந்தார். போசியைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை, கடை எடுத்து வைத்துவிட்டது. கரண்டி எங்கே இருந்தால் அவருக்கு என்ன? பெண்ணைக் கொடுக்காமலிருக்க அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியாது. வழக்கப்படி, அவர் யாரென்று எனக்குத் தெரிந்ததாகக் காட்டியிருக்கக் கூடாது. நான் அவர் கையிலிருந்து போசியை வாங்கினேன். பதினைந்தாவது வரிசைக்குப் போய், அதை அதன் இடத்தில் வைத்துவிட்டு, மூன்று ஆளுக்குச் சோறு வேகிற போசியை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினேன்.

"மாமா, இதை எடுத்துக்கங்க. நானே அங்க வந்தர்றனுங்க. பூட்டு வேண்டாமுங்க."

மாமனார் வீட்டோடு போகிற மாப்பிள்ளையை எங்கள் பக்கத்தில் எப்படிப் பேசுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பின்னாலிருந்து தமிழ் வாத்தியார் அவரைத் திரும்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றது. எனக்கு விட்டுவிட்டு வர ஒரு வீடு இல்லை, கோபித்துக்கொள்ள ஒரு சொந்தம் இல்லை. அநாதையாக இருந்ததில் அன்று ஒரு நாள்தான் எனக்கு லாபம்.

வெள்ளியங்கிரி போசியை வாங்கித் தட்டிப் பார்த்தார், பஞ்சு மூட்டையைத் தட்டிப் பார்ப்பது போல. திருப்பிக் கொடுத்தார்.

"அரைப்படிப் போசியா எடு."

"மூணு பேருக்கு அரைப்படி எதுக்குங்க?"

"சோறு மிஞ்சோணும் மாப்பிள்ள. மிஞ்சுனாத்தான் யாராச்சும் வருவாங்க."

எட்டாவது வரிசையில் நூல் சொடக்குகிற சத்தம் கேட்டது.

அவர் எங்களோடு பத்தொன்பது வருஷம் இருந்தார். ஒருநாளும் சோறு மிஞ்சாமல் இருந்ததில்லை, ஒருநாளும் அது வீணாய்ப் போனதுமில்லை. யாராவது வந்தார்கள். ஏட்டையா வந்தார், நூல்கண்டு பிடிக்கிறவன் விடுதலையாகி வந்தான், பஸ்ஸை விட்டவர்கள் வந்தார்கள். அரைப்படிப் போசியின் அடி இரண்டு தடவை ஓட்டை விழுந்து இரண்டு தடவை பற்றவைத்தோம். ஒரு மகள் பிறந்து, படித்து, ஓசூருக்குப் போனாள். கடைக்குக் கண்ணாடிக் கதவு வந்தது, முதலாளியின் மகன் வந்தான், கம்ப்யூட்டர் வந்தது. பொருள்கள் எங்கே இருக்கின்றன என்று அது சொல்லும், அங்கே போய்ப் பார்த்தால் இருக்காது. அதையும் ஊர் பழகிக்கொண்டது. எனக்கு வயசாகி வேலையிலிருந்து நின்றுகொண்டேன்.

போன மாசியில் மயிலாத்தாள் போய்விட்டாள். அதற்கப்புறம் ஒன்பது மாசம் நான் கடைக்குள் போகவில்லை. எனக்கு எது எங்கே கிடக்கும் என்று தெரியும். தள்ளுவண்டியில் வருவதை வாங்கிக்கொண்டு, ஆக்கினால் ஆக்கியும் ஆக்காவிட்டால் விட்டும் இருந்தேன். கார்த்திகையில் குளிக்கச் சோப்பு இல்லாமல் போய்விட்டது. தள்ளுவண்டியில் சோப்பு வராது.

சோப்பு வரிசையில், நான் நினைத்தது போலவே, ஒரு ஆள் போசி குப்புறக் கிடந்தது. எனக்கு அந்தக் கடையில் முதல்முதலாகக் கிடந்த பொருள் அது. எடுத்துக்கொண்டேன். பில் போடுகிற இடத்தில் எனக்கு முன்னால், தொளதொளத்த சட்டையில் ஒரு கிழவர், ஒரு கையில் டார்ச் பேட்டரியும் இன்னொரு கையில் அதே மாதிரி ஒரு போசியுமாக நின்றார். மீசை முறுக்கியபடிதான் இருந்தது, வெள்ளையாக. தோளில் ரெக்ஸின் பை, ஏழெட்டு இடத்தில் தைத்திருந்தது.

"ஏனுங் பங்காளி, பம்பாய்ல இருந்து எப்ப வந்தீங்க?" என்றேன்.

காளியண்ணன் என்னைப் பார்த்தான், என் போசியைப் பார்த்தான், தன் போசியைப் பார்த்தான். வந்து பத்து நாள் ஆகிறது என்றான். அவனுடைய அம்மா வீடு பூட்டிக் கிடந்ததாம், பெருக்கிக் குடியிருக்கிறானாம். பம்பாயில் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்றான். மயிலாத்தாளைப் பற்றி வந்த அன்றைக்கே கேள்விப்பட்டதாகவும், எங்கள் வீட்டு வாசல்வரைக்கும் இரண்டு தடவை வந்து திரும்பிப் போனதாகவும் சொன்னான்.

நான் அவன் கையிலிருந்து போசியை வாங்கினேன். அவன் தடுக்கவில்லை. இரண்டு சின்னப் போசிகளையும் அவற்றின் இடத்தில் வைத்துவிட்டு வரலாம் என்று இரண்டு பேரும் உள்ளே நடந்தோம். எட்டாவது வரிசையில், இப்போதும் பருப்புதான், பாலித்தீன் உறையில் வருகிறது. அந்த உறைகளுக்கு நடுவில் ஒரு அரைப்படிப் போசி, புதுசு, வாயை மேலே காட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. காதில் விலைச்சீட்டு கட்டியிருந்த நூல், மூன்று சுற்று சுற்றி, சொடக்கியிருந்தது.

"இதாருடா இங்க கொண்டாந்து வெச்சது?" என்றான் காளியண்ணன்.

நான் அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"நாம ரெண்டு பேரு. இத்தாச்சோடு பெருசு எதுக்குடா?"

"மிஞ்சட்டுமுங்க பங்காளி," என்றேன். "யாராச்சும் வருவாங்க."